ஒப்பந்தம் முடியும் நேரம்: இருப்பவரோடு தொடர்வதா, ஆளை மாற்றுவதா, வீட்டைப் புதுப்பிப்பதா?

ஒன்றிரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவருக்குக் காசு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் ஒப்பந்தம் முடியும் நேரத்தில் எடுக்கும் முடிவைப் பொறுத்தே இருக்கிறது. பக்கத்தில் இதே அளவு வீடு கூடுதல் வாடகைக்குப் போனதாகக் காதில் விழும். இருப்பவர் நல்லவர்தான், ஆனால் வாடகை பின்தங்கிவிட்டது. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. எப்படியும் வேலை பார்க்க வேண்டும் என்றால் காலி செய்யச் சொல்லிவிட்டே பார்க்கலாமே என்றும் தோன்றும்.

வழிகள் மூன்று. சிறிது கூட்டி இருப்பவரோடு தொடரலாம். பெயின்ட் அடித்து, இன்றைய சந்தை வாடகைக்குப் புதியவருக்கு விடலாம். அல்லது பல மாத வாடகையைச் செலவழித்துப் புதுப்பித்து, சந்தை விலையையும் தாண்டி விடலாம்.

இதில் பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். புதியவர் தரப்போகும் வாடகையை, இன்று கைக்கு வந்துகொண்டிருக்கும் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒப்பிட வேண்டிய எண் வேறு: இருப்பவரிடம் முறையாகக் கேட்டால் அவர் ஒப்புக்கொள்ளக்கூடிய வாடகை. இந்த ஒரு திருத்தத்தைச் செய்து பார்த்தால் முடிவு பல நேரம் தலைகீழாகிவிடும்.

ஆள் மாறினால் ஆகும் செலவு

மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை, வேலைக்கும் ஆள் தேடுவதற்கும் சேர்த்து ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும். அதில் 100 போகும். தரகர் கமிஷன் அரை மாதம் முதல் ஒரு மாத வாடகை. பெயின்ட், சுத்தம், சில்லறைப் பழுதுகள் என்று இன்னும் முக்கால் மாத வாடகை. பூட்டிக் கிடக்கும் காலத்தில் கட்டடப் பராமரிப்புத் தொகையும் மின் இணைப்பின் நிலையான கட்டணமும் உரிமையாளர் தலையில்தான். எல்லாம் சேர்த்து 250 என்று எடுத்துக்கொள்வது மிகையான கணக்கு இல்லை. விளம்பரம் போட்டு, ஆட்களுக்கு வீட்டைத் திறந்து காட்ட நீங்கள் செலவிடும் நேரத்துக்கு இதில் விலை போடவில்லை.

இப்போது சந்தை வாடகை 112. இன்று வருவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 12. 250 செலவு 21 மாதத்தில் திரும்பிவிடும் என்று தோன்றும். ஆனால் இருப்பவர் 105-க்குச் சம்மதிப்பார் என்றால் உண்மையான வித்தியாசம் 7 மட்டுமே. அந்தச் செலவு திரும்ப 36 மாதம் ஆகும். வரப்போகும் புதியவர் மூன்று வருடம் தங்கி, ஒரு மாதமும் தவறாமல் கொடுத்தால்தான் நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்து சேருவீர்கள்.

இதைச் சூத்திரமாக வைத்துக்கொள்ளலாம்: ஆள் மாறும் செலவை, அடுத்தவர் தங்கக்கூடிய மாதங்களால் வகுத்தால், எவ்வளவு வித்தியாசம் இருந்தால் மாற்றுவது கட்டுப்படியாகும் என்று தெரியும். அடுத்தவர் 12 மாதம்தான் தங்குவார் என்றால் 21 வித்தியாசம் வேண்டும். 24 மாதம் என்றால் 10.4, 36 மாதம் என்றால் 7. ஆகவே அடிக்கடி ஆள் மாறும் ஓர் அறை வீட்டையும், குடும்பங்கள் வருடக்கணக்கில் தங்கும் பெரிய வீட்டையும் ஒரே அளவுகோலால் பார்க்கக்கூடாது.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு. இருப்பவர் ஆறு மாதத்தில் எப்படியும் போகப்போகிறார் என்றால், அந்த 250 தவிர்க்க முடியாத செலவு. இன்று வருகிறதா, ஆறு மாதம் கழித்து வருகிறதா என்பது மட்டுமே கேள்வி. அப்போது முடிவைத் தீர்மானிப்பது பருவம்: எந்த மாதத்தில் வீடு தேடுபவர்கள் அதிகமாக இருக்கிறார்கள்? அதனால் வாடகையைப் பற்றிப் பேசும் முன் அவருடைய திட்டத்தைக் கேட்டுவிடுங்கள். வேலை மாறப்போகிறதா, பிள்ளைகளின் பள்ளி எதுவரை, சொந்த வீடு பார்க்கிறாரா? நேராகக் கேட்டால் பெரும்பாலோர் நேராகவே சொல்வார்கள்.

யாரைத் தக்கவைக்கலாம்

தாமதமாகக் கொடுப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக மாற்ற நினைத்தால், முதலில் அந்தத் தாமதத்தின் விலையைப் போட்டுப் பாருங்கள். மாதாமாதம் பத்து நாள் தாமதம், ஆனால் முழுத் தொகை. வருட வட்டி 12 சதவீதம் என்று வைத்தாலும் அந்தப் பத்து நாளின் விலை மாதத்துக்கு 0.33, வருடம் முழுக்க 4. எரிச்சல் தரும் பழக்கம்தான், ஆனால் 250 செலவழித்துத் தீர்க்க வேண்டிய நோய் இல்லை. சம்பளத் தேதியைக் கேட்டு, வாடகைத் தேதியை அதற்கு இரண்டு நாள் பின்னால் ஒப்பந்தத்திலேயே மாற்றி எழுதினால் பல நேரம் தீர்ந்துவிடும்.

ஆபத்தானது வேறு வகை. ஒவ்வொரு மாதமும் 85 கொடுத்துவிட்டு "மீதி அடுத்த மாதம்" என்பவர். எட்டு மாதத்தில் பாக்கி 120 ஆகியிருக்கும், நீங்களோ மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். முன்பணம் 200 என்றால் அது போதும் என்று நினைக்காதீர்கள். அறிவிப்புக் கொடுத்த பின் கொடுக்காமல் இருக்கும் ஒரு மாதம் 100, கட்டாத மின் கட்டணமும் சேதமும் 50 என்று கழித்தால், பாக்கிக்கு என்று முன்பணத்தில் மிஞ்சுவது 50. அதாவது அரை மாத வாடகையைப் பாக்கி தாண்டும் நாளிலேயே எழுத்தில் பேசத் தொடங்க வேண்டும். வரும் பணத்தை முதலில் மிகப் பழைய பாக்கியில் வரவு வைப்பதாக ரசீதில் எழுதுங்கள். எந்த நிலையிலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது, பூட்டை மாற்றுவது போன்றவற்றில் இறங்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அது சட்டவிரோதம். உங்கள் பக்கம் இருந்த நியாயமும் அன்றோடு போய்விடும். காலி செய்யச் சொல்ல எத்தனை நாள் அவகாசம், வருடத்துக்கு எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு உங்கள் ஊர்ச் சட்டத்தில் வரம்பு இருக்கலாம். மூன்று வழிகளையும் எடைபோடும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

குடியிருப்பவரை மதிப்பிட என் பார்வையில் வாடகைத் தேதியைவிட நல்ல அளவுகோல், பழுதுகளை அவர் எப்போது சொல்கிறார் என்பது. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல் வீணாக்கும். அது சுவருக்குள்ளோ சிங்க்கின் அடியிலோ ஒழுகினால் அந்தத் தண்ணீர் முழுவதும் கட்டடத்துக்குள் போகிறது. முதல் வாரத்திலேயே சொல்பவரால் ஒரு வாஷர் விலையோடு முடிவது, ஆறு மாதம் சொல்லாதவரால் அலமாரி, சுவர்ப் பூச்சு, கீழ்வீட்டுக் கூரை என்று விரியும். உடனே சொல்லும் பழக்கம் உள்ளவரைச் சந்தை வாடகையைவிட ஐந்து சதவீதம் குறைவாக வைத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை.

கூட்டிக் கேட்பது எப்படி

நல்ல குடித்தனக்காரரிடம் வாடகையைக் கூட்டாமலே ஐந்து வருடம் விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் நன்மைபோலத் தெரியும். சந்தை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் ஐந்தாம் வருட முடிவில் 100-க்கும் 127.6-க்கும் இடையே பள்ளம் விழுந்திருக்கும். அன்றைக்கு ஒரேயடியாக 27 கூட்டிக் கேட்டால் அவரால் முடியாது, போய்விடுவார். வருடா வருடம் 4 அல்லது 5 கேட்டிருந்தால் இருந்திருப்பார். பள்ளம் ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தால் அதை இரண்டு மூன்று வருடங்களில் படிப்படியாக மூடும் திட்டத்தை எழுதிக் கொடுங்கள்: இந்த வருடம் 109, அடுத்த வருடம் 118 என்று. முன்கூட்டித் தெரிந்த ஏற்றத்தைத் தாங்க அவரும் தயாராகிக்கொள்வார்.

மூன்று மாதம் முன்னால் வீட்டைப் பாருங்கள், இரண்டு மாதம் முன்னால் எழுத்தில் கேளுங்கள். ஒரே எண்ணைச் சொல்லாமல் இரண்டாகக் கொடுப்பது நல்லது: வீடு இருக்கிறபடியே என்றால் 105, சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன், இரண்டு கூடுதல் பிளக் பாயின்ட், கூடத்துக்குப் புது பெயின்ட் ஆகியவற்றோடு 108. குடியிருப்பவருக்கு அன்றாடம் தொல்லை தரும் விஷயங்கள் பெரும்பாலும் உரிமையாளருக்குச் சிறிய செலவுதான். எதைச் செய்வதாகச் சொன்னீர்களோ அதை முடிக்கும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். கூட்டிய வாடகை முதல் மாதமே வந்து, சொன்ன வேலை நான்கு மாதம் கழித்தும் நடக்காவிட்டால், அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது அவர் மனத்தில் அதுதான் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நீர்க்கசிவுதான். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், சுவரைச் சமன்செய்யும் புட்டியும் பெயின்ட்டும் அடித்தால் சில மாதங்களில் உரிந்துவிடும், புதியவரிடம் முதல் சண்டையும் அங்கேதான் தொடங்கும். ஆகவே ஆள் வீட்டில் இருக்கும்போதே மூன்று சோதனைகளை வரிசை மாறாமல் செய்துவிட வேண்டும்.

முதலில் தண்ணீர் வரும் குழாய்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடு என்றால் மீட்டர் இதைக் காட்டாது. தொட்டிக்கு வரும் வால்வை இரவில் மூடி, நீர்மட்டத்தைக் கோடிட்டு, யாரும் தண்ணீர் திறக்காமல் காலையில் பார்க்க வேண்டும். ஃப்ளஷ் டாங்க்குக்குத் தனிச் சோதனை: டாங்க் நீரில் கொஞ்சம் வண்ணப்பொடி கலந்து அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது.

அடுத்து கழிவுநீர்க் குழாய். தரை நனையாதபடி, வடிகால் வாய்க்குள் ஒரு குழாயை நுழைத்து இரண்டு வாளித் தண்ணீரை நேராக ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் கீழ்க்கூரையில் ஈரம் புதிதாகத் தெரிந்தால் இணைப்பில் கோளாறு. தரையை உடைக்கத் தேவையில்லாமல் கீழிருந்தே சரி செய்ய வாய்ப்பு உண்டு.

கடைசியாகத் தரை. வடிகாலை அடைத்து 3 செ.மீ. தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். வாசற்படியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஒரு தட்டையான பாத்திரத்திலும் தண்ணீர் வைத்து அளந்தால், காற்றில் ஆவியாவது எவ்வளவு என்று தனியே தெரியும். அதைவிட அதிகமாகத் தரையில் இறங்கியிருந்தால் நீர்க்காப்புப் பூச்சு போய்விட்டது. இந்த ஒரு வேலைக்குத்தான் தரை டைல்ஸ் முழுவதையும் எடுக்க வேண்டி வரும். மற்ற இரண்டுக்கும் அப்படி எடுத்தால் பெரும்பாலும் வீண் செலவு. வரிசையை மாற்றித் தரைச் சோதனையை முதலில் செய்தால், கசிவது குழாயா தரையா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

சுவரில் ஓதம் இருக்கும் உயரமும் காரணத்தைச் சொல்லும். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை, வெள்ளை உப்புப் பூத்தபடி இருந்தால் அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம். மழைக்காலத்தில் மட்டும் வந்து போனால் வெளிச்சுவர் விரிசல் அல்லது சன்னல் விளிம்பு. அலமாரிக்குப் பின்னாலும் அறை மூலையிலும் கருப்புப் பூஞ்சையாக இருந்தால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைவு. அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. நகர்த்தி, எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தாலே குறையும்.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியது குறைவு, ஆனால் தவறவிடக்கூடாது. கசிவு மின்னோட்டத்தில் அணையும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனை அழைத்து அன்றே மாற்றிவிடுங்கள். அந்தச் சுவிட்சே இல்லாத பழைய வீட்டில் வாடகையைப் பற்றி யோசிக்கும் முன் அதைப் போட வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது.

புதுப்பித்துக் கூட்டும் வழி

பொருளும் கூலியும் சேர்த்து 1000 ஆகிறது, பத்து மாத வாடகை. வீடு இரண்டு மாதம் காலி: 200. கமிஷன் 100. மொத்தம் 1300. புது வாடகை 130 கிடைக்கிறது. இருப்பவரின் 105-ஐவிட 25 கூடுதல், வருடத்துக்கு 300. போட்டது திரும்ப 52 மாதம்.

ஆனால் போட்ட பொருள்கள் தேயும். பெயின்ட்டுக்கு ஏறத்தாழ ஐந்து வருடம், குழாய்ச் சாமான்களும் அலமாரிகளும் பத்துப் பன்னிரண்டு வருடம். சராசரியாகப் பத்து வருடத்தில் 1300-ம் கரைந்துவிடும் என்று வைத்தால் வருடத்துக்கு 130 ஒதுக்க வேண்டும். 300-ல் அது போக மிஞ்சுவது 170, அதாவது போட்ட பணத்தில் வருடத்துக்கு 13 சதவீதம். கையிருப்புப் பணம் என்றால் மோசமில்லை. கடன் வாங்கிச் செய்தால் வட்டிக்கும் இந்த 13-க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அந்த இடைவெளியில்தான் இனி வரும் காலி மாதங்களும் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த 1000-ல் 400, குளியலறைக் கசிவுக்கும் பழைய வயரிங்குக்கும் என்றால், அதை எந்த வழியில் போனாலும் செய்தே ஆக வேண்டும். அதைப் புதுப்பிப்பின் செலவாகக் காட்டினால் அந்த வழி அநியாயத்துக்கு மோசமாகத் தெரியும். இருப்பவரோடு தொடரும் வழி பொய்யாக மலிவாகத் தெரியும். தவிர்க்க முடியாத வேலையை மூன்று வழிகளிலும் ஒரே மாதிரி சேர்த்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்கள். 600, 200, 100 சேர்ந்து 900. அது 36 மாதத்தில் திரும்பிவிடும்.

வாடகைக்கு மேல்வரம்பு உங்கள் தெருதான். இதே அளவில் அங்கே இருக்கும் மிக நல்ல வீடு 125-க்குப் போகிறது என்றால் உங்கள் வீட்டில் என்ன பதித்தாலும் 125-க்குமேல் நிலையாக எதிர்பார்க்க முடியாது. குளியலறை, சமையலறை மேடையும் சேமிப்பிடமும், நல்ல வெளிச்சம், போதுமான பிளக் பாயின்ட்டுகள் ஆகியவை வாடகையைக் கூட்டும். அலங்காரக் கூரை, விலையுயர்ந்த கல், சுவரோடு சேர்த்துச் செய்த ஷோகேஸ் எல்லாம் பார்ப்பவரைப் புகழவைக்கும், ஆனால் அதற்கென்று கூடுதலாகக் கொடுக்கவைக்காது.

இரண்டு மாதம் மூன்றாக நீள்வது பெரும்பாலும் வேலை வரிசையைக் குழப்புவதால்தான். சுவருக்குள் போகும் குழாயும் வயரும் முதலில், பிறகு நீர்க்காப்பு, டைல்ஸ், தச்சு வேலை, கடைசியில் பெயின்ட். டைல்ஸ், குழாய்ச் சாமான், சுவிட்சுகளை ஆள் காலி செய்வதற்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். வீடு காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் 3.3 போகிறது. டைல்ஸ் உடைசலுக்கு 10 சதவீதம் கூடுதல், அதற்கும் மேலே ஒரு பெட்டி எதிர்காலப் பழுதுக்கு. அதே டிசைன் இரண்டு வருடம் கழித்துக் கிடைக்காது.

நீர்க்காப்புப் பூச்சு தரையோடு நிற்காமல் சுவரில் 15 செ.மீ. ஏற வேண்டும், ஷவர் இருக்கும் சுவரில் 1.8 மீட்டர் வரை. ஒவ்வொரு கோட்டும் (ஒருமுறை பூசும் படலம்) காய்ந்த பின்தான் அடுத்தது. காய்ந்ததும் டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் பாருங்கள். இந்த ஒரு நாளை மிச்சம்பிடிக்கச் சொல்லும் கொத்தனாருக்கு இடம்கொடுக்காதீர்கள். கசிவு பிறகு தெரிந்தால் டைல்ஸ், கூலி எல்லாம் இரண்டாம் முறை. தரைச் சரிவு மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. இருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டி 24 மணி நேரம் கழித்து, இடைவெளிகளை நிரப்பும் க்ரௌட் கலவை. சுவரும் தரையும் சேரும் மூலையில் க்ரௌட் வேண்டாம், வளைந்துகொடுக்கும் சிலிக்கான் பசை போடுங்கள். அந்த மூலை மெல்ல அசையும், க்ரௌட் விரிசல் விடும். சிலிக்கானையும் ஒரு நாள் நனைக்கக்கூடாது.

புது சிமென்ட் பூச்சு காய நான்கு வாரம் ஆகும். அதற்குள் பெயின்ட் அடித்தால் கொப்புளமும் உப்பும் வரும். எனவே குறுகிய காலத்தில் முடிக்க வேண்டிய வேலையில் பெரிய அளவில் பூச்சைக் கொத்தாதீர்கள். கொத்தித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் வாரத்திலேயே அதை முடித்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடருங்கள். பெயின்ட் அளவுக்குக் கணக்கு எளிது: வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம் என்றால் சுவர்ப்பரப்பு 42. கதவு சன்னலுக்கு 4 கழித்து இரண்டு கோட்டுக்கு 76 சதுர மீட்டர். ஆறரை முதல் ஏழரை லிட்டர் போதும். எல்லா வீட்டுக்கும் ஒரே நிறம், நிற எண்ணைக் குறித்து மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள்.

இடைப்பட்ட வழி

ஆள் இருக்கும்போதே வேலை பார்ப்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. இரண்டு குளியலறை உள்ள வீட்டில் ஒன்றை மூடி ஒன்றைச் செய்யலாம். ஒன்றே ஒன்றுதான் என்றால் உடைத்து, பூச்சு காய்ந்து, சோதித்து, டைல்ஸ் ஒட்டி முடிக்க எட்டு முதல் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாள் குடியிருப்பவர் வேறு இடத்தில் தங்க வேண்டியிருக்கும். அதற்கு ஈடாகப் பத்து நாள் வாடகை 33-ஐத் தள்ளுபடி செய்து, தங்கும் செலவுக்கு இன்னொரு 33 கொடுத்தாலும் 66-தான். காலி செய்யவைத்தால் ஆகும் 200-ஐயும் கமிஷன் 100-ஐயும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுக் குளியலறைக்குப் பிறகு 105 என்பது 112 ஆவதற்கு அவரும் மறுக்கமாட்டார். ஊர்ச் சட்டம் அதற்கு இடம்கொடுக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்திருக்க வேண்டும். நல்ல குடித்தனக்காரரும் ஒரே ஒரு பெரிய பழுதும் உள்ள வீட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். சமையலறை, குளியலறை, வயரிங் மூன்றும் ஒருசேரப் போய்விட்ட வீட்டில் இது நடக்காது. அங்கே காலி செய்வதே சரி.

புதியவருக்கு விடுவது என்று முடிவானால்

வாடகையைக் குறைக்க மனமில்லாமல் காத்திருப்பது எவ்வளவு விலை என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் காலி என்றால் 23 போகிறது. வாடகையை 2 குறைத்து ஒரு வருடத்துக்கு விட்டால் 24 போகிறது. இரண்டும் சமம். 2 குறைத்தால் இரண்டு வாரம் முன்னதாக ஆள் வரும் என்றால் குறைப்பதே லாபம். வருபவர் இரண்டு வருடம் இருப்பார் என்றால் இரண்டு வாரத்தில்தான் சமமாகும். விளம்பரத்தைப் பலர் பார்த்தும் யாரும் அழைக்கவில்லை என்றால் குறை வாடகையிலோ படங்களிலோ இருக்கிறது. வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் திரும்ப அழைக்கவில்லை என்றால் குறை வீட்டில். முதல் நிலையில் வீட்டுக்குச் செலவு செய்வதும் இரண்டாம் நிலையில் வாடகையைக் குறைப்பதும் தவறான மருந்து.

விசாரிக்கும்போது இப்போதைய வீட்டு உரிமையாளரிடம் மட்டும் கேட்காதீர்கள். தொல்லை தருபவரை அனுப்பிவிட விரும்புகிறவர் நல்லவிதமாகவே சொல்வார். அவருக்கு முந்தைய உரிமையாளரிடம் கேளுங்கள். பொய் சொல்ல அவருக்குக் காரணம் இல்லை. வாடகை அவருடைய மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. சாவி கொடுக்கும் நாளில் எல்லாச் சுவர்களையும் சிங்க் அடியையும் படம் எடுத்து, மீட்டர் எண்ணையும் சாவிகளின் எண்ணிக்கையையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலி செய்யும் நாளில் முன்பணத் தகராறு வராமல் தடுப்பது அந்தத் தாள்தான்.

ஒப்பந்தத்தில் முடியும் தேதியை 12 மாதம் என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். பள்ளி ஆண்டு தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் குடும்பங்கள் வீடு மாறும். அதற்கு அடுத்த மாதங்களில் தேடுவோர் குறைவு. பருவம் தவறி ஆள் வந்திருந்தால் முதல் ஒப்பந்தத்தைப் பத்து மாதமாகவோ பதினான்கு மாதமாகவோ எழுதி, முடிவுத் தேதியைத் தேடுவோர் அதிகமுள்ள மாதத்துக்கு இழுத்துவிடுங்கள். எத்தனை மாத ஒப்பந்தத்துக்கு எந்தப் பதிவும் வரியும் பொருந்தும் என்பதை மட்டும் முதலில் விசாரித்துவிட்டு எழுதுங்கள்.